அட்டவணைக்காகப் பிறந்த கப்பல்

கப்பல் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்களுக்கு டைட்டானிக்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. 1912 ஏப்ரல் 10ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் கிளம்பி, 15ஆம் தேதி பொழுது விடிவதற்குள் கடலடிக்குப் போய்விட்டது. முழுதாக ஐந்து நாள்கூட வேலை பார்க்காத கப்பல். அதற்குப் படம், புத்தகம், பாட்டு, அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. அதே அட்லாண்டிக்கில், அதே சவுத்தாம்ப்டன்–நியூயார்க் தடத்தில், 31 வருடம் பனி புயல் பாராமல் போய் வந்து, நடுவில் ஒரு உலகப்போரையும் முதுகில் சுமந்து, ஒழுங்காக ஓய்வு பெற்ற குயின் மேரியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மூழ்கினால்தான் மரியாதை போலிருக்கிறது.

அப்படியே எழுதுகிறவர்களும் அதன் நடனக்கூடத்தையும் அதில் போன ஹாலிவுட் நட்சத்திரங்களையும் தாண்டி வருவதில்லை. என்னைப் பொறுத்தவரை அது அரண்மனையே கிடையாது. அது ஒரு ரூட் பஸ். அதன் நீளம், வேகம், அதற்குள் எரிந்த எண்ணெய், அதில் வேலை பார்த்தவர்களின் தூக்கம் வரை எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரு கால அட்டவணைதான்.

1920களில் குனார்டு கம்பெனி அட்லாண்டிக்கில் மூன்று பெரிய கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்தது: மாரிடேனியா, அக்விடேனியா, போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து கைக்கு வந்த பெரெங்கேரியா. வாராவாரம் இரு கரையிலிருந்தும் ஒரு கப்பல் கிளம்பியாக வேண்டும், அதற்கு மூன்று தேவைப்பட்டன. மூன்றுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. அப்போது கம்பெனியில் ஒரு யோசனை பிறந்தது. மூன்று பஸ் ஓடும் ரூட்டை இரண்டு பஸ்ஸால் ஓட்ட முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சவுத்தாம்ப்டனிலிருந்து பிரான்ஸின் செர்பர்க்கைத் தொட்டுக்கொண்டு நியூயார்க் போக ஏறத்தாழ 3,100 கடல் மைல். 28.5 நாட் (மணிக்கு 28.5 கடல் மைல்) வேகத்தில் விடாமல் ஓடினால் நாலரை நாளுக்குச் சற்று மேல் ஆகும். ஆற்றுமுகம், பைலட், கரை சேர்ப்பது எல்லாம் சேர்த்தால் ஐந்து நாள். போக ஐந்து, வர ஐந்து. இரண்டு முனையிலும் எண்ணெய் நிரப்ப, சாமான் ஏற்ற, கழுவித் துடைக்க என்று இரண்டிரண்டு நாள். கூட்டினால் 14 வருகிறது. இரண்டே வாரத்தில் ஒரு கப்பல் போய்த் திரும்பிவிடும் என்றால், இரண்டு கப்பல் இருந்தால் வாரம் ஒரு சர்வீஸ்.

கணக்கு சுலபம், கப்பல்தான் சுலபமில்லை. குளிர்கால அட்லாண்டிக்கில் அந்த வேகத்தை வருடம் முழுக்கப் பிடிக்க வேண்டும் என்றால் அதற்கேற்ற இயந்திரம் வேண்டும். அத்தனை பெரிய இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் இடம் வேண்டும். அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்குப் பயணிகளும் ஏற வேண்டும். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் 1,019 அடி நீளத்தில் வந்து நின்றது. குனார்டின் தலைவர் சர் பெர்சி பேட்ஸ் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவே இல்லை. இந்த வேலையைச் செய்யக்கூடிய கப்பல்களிலேயே ஆகச் சிறியதும் ஆக மெதுவானதும் இதுதான் என்பது அவருடைய வாதம். உலகத்தின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றைக் கட்டிவிட்டு, இதைவிடச் சின்னதாகக் கட்ட முடியவில்லை என்று சொன்ன மனிதர். வியாபாரி பேச்சுதான், ஆனால் எனக்கு அது முழு நியாயமாகவே படுகிறது.

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் கிளைடுபாங்க் என்று ஓர் ஊர். அங்கே ஜான் பிரவுன் கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தில் 1930 டிசம்பரில் வேலை தொடங்கியது. அப்போது பெயர் கிடையாது, வேலை எண் மட்டும்தான்: 534. ஊர் முழுக்க அந்த எண்ணைத்தான் சொன்னது. உலகப் பொருளாதார மந்தம் கழுத்தைப் பிடிக்க, சரியாக ஒரு வருடத்தில், 1931 டிசம்பர் 11ஆம் தேதி, வேலையை நிறுத்திவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் தளத்தில் இருந்த சுமார் 3,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வெளியூர்களில் இந்தக் கப்பலுக்காக இரும்பு வார்த்தவர்கள், மரம் அறுத்தவர்கள் கதையும் அதேதான். ஊரின் வீடுகளுக்கு மேலாக அந்த மொட்டை எலும்புக்கூடு இரண்டே கால் வருடத்துக்கு மேல் துருப்பிடித்து நின்றது.

அந்தத் தொகுதியின் எம்.பி. டேவிட் கிர்க்வுட், தானே ஒரு இன்ஜினியரிங் தொழிலாளியாக இருந்து வந்தவர். அவர் நாடாளுமன்றத்தில் விடாமல் இதையே பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் நிதியமைச்சராக இருந்த நெவில் சேம்பர்லேன் இறங்கி வந்தார், ஆனால் சும்மா வரவில்லை. 95 லட்சம் பவுண்டு கடன் தருகிறேன், ஆனால் குனார்டும் அதன் பழைய எதிரி ஒயிட் ஸ்டாரும் ஒன்றாகச் சேர வேண்டும் என்றார். ஒயிட் ஸ்டார் என்றால் டைட்டானிக்கின் கம்பெனியேதான், அப்போது அது தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்தக் கடனில் 30 லட்சம் 534-ஐ முடிக்க, 50 லட்சம் அதன் ஜோடிக் கப்பலுக்கு, மிச்சம் 15 லட்சம் நடைமுறைச் செலவுக்கு. ஜோடிக் கப்பலுக்கும் சேர்த்தே கடன் கொடுத்ததைக் கவனியுங்கள். இரண்டாவது கப்பல் இல்லாமல் முதல் கப்பலுக்கு அர்த்தமே இல்லை என்பது அரசாங்கத்துக்கும் புரிந்திருந்தது.

1934 ஏப்ரலில் பேக்பைப் வாத்தியக் குழு முன்னால் ஊதிக்கொண்டு போக, தொழிலாளர்கள் மறுபடி உள்ளே நுழைந்தார்கள். முதல் வேலை துருவைச் சுரண்டுவது. 130 டன் துரு வந்தது என்பார்கள். பறவைகள் கட்டியிருந்த கூடுகளையும் அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அதே வருடம் செப்டம்பர் 26ஆம் தேதி, கொட்டுகிற மழையில், மேரி மகாராணி தன் பெயரையே கப்பலுக்குச் சூட்டி ஆற்றில் இறக்கினார்.

1936 மே 27ஆம் தேதி முதல் பயணம். 2,100-க்கு மேல் பயணிகளுக்கு இடம், 1,100 ஊழியர்கள். இந்த 1,100 பேரைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

கீழே போய்ப் பார்ப்போம். கப்பலில் ஐந்து பாய்லர் அறைகள். நான்கில் தலா ஆறு ‘யாரோ’ (Yarrow) வகைப் பாய்லர்கள், ஆக 24, அவை கப்பலை ஓட்டுவதற்கு. ஐந்தாவது அறையில் மூன்று ஸ்காட்ச் பாய்லர்கள். அவற்றின் வேலை கப்பலை ஓட்டுவதல்ல, மேலே இருக்கும் ஹோட்டலுக்கு விளக்கும் சூடும் கொடுப்பது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்துக்குப் போதுமான நீராவி. பழைய மாரிடேனியாவில் ஆரம்ப காலத்தில் நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளிப் போட்ட ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இங்கே எண்ணெய், அதனால் கூட்டம் குறைவு. ஆனால் வேலை லேசானது என்று நினைத்துவிட வேண்டாம்.

பாய்லர் அறைக்குள் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் காற்றை அடைத்துவைத்திருப்பார்கள், அப்போதுதான் நெருப்பு நன்றாகப் பிடிக்கும். அதனால் உள்ளே போக இரட்டைக் கதவு. முதல் கதவைத் திறந்து நுழைந்து, அதை மூடிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். உள்ளே போனால் காதில் விசிறி இரைச்சல். சூடாக்கிய எண்ணெயைப் பீய்ச்சும் பர்னர்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முனையில் கரி பிடித்தால் அந்தப் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும், பக்கத்துப் பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போதே. நாலு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். மேலே சூரியன் உதித்ததா, கடல் நீலமா சாம்பலா, ஒன்றும் தெரியாது. நீராவி அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு. அது டர்பைன்களைச் சுழற்றி, 1,60,000 குதிரைசக்தியாக நான்கு புரொப்பெல்லர்களுக்குப் போனது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் எரிந்தது.

ஆரம்பத்தில் கோளாறுகள் இல்லாமலும் இல்லை. வேகமெடுத்தால் பின்பக்கம் நடுங்கியது. முதல் குளிர்காலத்திலேயே உள்ளே இரும்பு முட்டுகள் கொடுத்து, புரொப்பெல்லர்களையும் மாற்றினார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, கப்பல் பக்கவாட்டில் ஆடியது. இவ்வளவு பெரிய கப்பல் ஆடவே ஆடாது என்று நம்பி, நடைவழிகளில் கைப்பிடிக் கம்பிகூடப் போதுமான அளவுக்குப் போடவில்லை, நாற்காலிகளைத் தரையோடு பூட்டவுமில்லை. முதல் புயலில் மேசை நாற்காலிகள் எல்லாம் கூடத்துக்குள் ஊர்வலம் போயின. பயணிகளும் கூடவே. கம்பிகள் பிறகு வந்தன. ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் வந்தது 1958-ல். அதாவது 22 வருடம் ஸ்டுவர்டுகள் கையில் சூப் தட்டை ஏந்திக்கொண்டு அந்த ஆட்டத்துக்குத் தக்கபடி நடந்து பழகினார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாக யோசித்துச் செய்திருந்தார்கள்: சங்கு. புகைபோக்கிகளில் மூன்று நீராவிச் சங்குகள், பத்து மைல் வரை கேட்கும். அவ்வளவு சத்தத்தை மேல்தளத்தில் நிற்கிற பயணி எப்படித் தாங்குவார்? ஆகவே காதைக் குத்தாத அடிமட்ட ஸ்வரத்தில் அவற்றைச் சுருதி சேர்த்தார்கள். அந்தச் சத்தத்தைப் பதிவுகளில் கேட்டிருக்கிறேன். காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் முதலில் கேட்கிறது.

முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் மக்டொனால்டு கில் வரைந்த அட்லாண்டிக் வரைபடம் ஒன்று. குளிர்காலத் தடம் ஒன்று, கோடைத் தடம் ஒன்று. அதன்மேல் கண்ணாடியில் செய்த குட்டிக் கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும், நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டிக்கொண்டு. பயணிகளுக்கு அது வேடிக்கை. எனக்கென்னவோ, முதலாளி தன் டைம்டேபிளைச் சுவரில் மாட்டி அலங்காரம் செய்த மாதிரிதான் தோன்றுகிறது.

வேகப் போட்டிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரெஞ்சுக்காரர்களின் நார்மண்டியோடு மாறி மாறி ஓடி, 1938 ஆகஸ்டில் 3 நாள் 20 மணி 42 நிமிடத்தில் கிழக்கு நோக்கிக் கடந்து, 1952-ல் அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பல் வரும்வரை சாதனையைக் கையில் வைத்திருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதே 1938 அக்டோபரில் நடந்தது. நியூயார்க்கில் இழுவைப் படகுக்காரர்கள் வேலைநிறுத்தம். ஆயிரம் அடிக் கப்பலை ஹட்சன் ஆற்றின் ஓட்டத்துக்குக் குறுக்கே திருப்பி, குறுகலான துறைச் சந்துக்குள் நுழைக்க வேண்டும், தள்ளிவிட ஒரு படகும் கிடையாது. கேப்டன் ராபர்ட் இர்விங் தன் இயந்திரத்தையும் வடக்கயிறுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுபோய்க் கட்டினார். மேலே கட்டளை மேடையில் நிற்பவருக்குப் பேர் கிடைத்தது. கீழே, மேலிருந்து உத்தரவு சொல்லும் டெலிகிராப் மணி அடிக்க அடிக்க வால்வைத் திறந்து மூடிய ஆளுக்கு அன்றைக்குக் கை கழன்றிருக்கும்.

ஜோடிக் கப்பல் குயின் எலிசபெத் தயாராவதற்குள் போர் வந்துவிட்டது. அட்டவணை அப்படியே நின்றது. மேரிக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள், கம்பளங்களையும் பீங்கான் வெள்ளிப் பாத்திரங்களையும் நியூயார்க் கிடங்குகளில் இறக்கினார்கள். 1940 மார்ச்சில் கிளம்பி சிட்னிக்குப் போனது. அங்கே படுக்கைகள் அடைத்து, மே மாதம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஸ்காட்லாந்து. அந்த ஆகஸ்டில் சிங்கப்பூரின் உலர்துறையில் ஏறி அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டது. 1941-ல் சிட்னியிலிருந்து சூயஸுக்குப் படைகளைக் கொண்டுபோகும் வழியில் மேரி, எலிசபெத் என்ற இரண்டு ராணிகளும் திருகோணமலையில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நின்றிருக்கின்றன. அந்தக் காலத்துச் சென்னைக்காரர்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் கடல் கடப்பது என்றால் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ரஜூலாதான். அதைப்போல் பல மடங்கு பெரிய ஒன்று கோணேசர் மலைப்பக்கம் வந்து நங்கூரம் போட்டால் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

மேரி வட அட்லாண்டிக்குக்காகக் கட்டிய கப்பல். சூடேற்ற வசதி உண்டு, குளிரூட்ட வசதி சில கூடங்களில் மட்டும். இந்துமாக் கடலிலும் செங்கடலிலும் உள்ளே இருந்த சிப்பாய்கள் வெந்துபோனார்கள். பாய்லர் அறையில் நின்றவர்கள் நிலையை நான் சொல்லவே வேண்டாம்.

1941 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் 8ஆவது டிவிஷனின் ஒரு பிரிகேடைச் சிங்கப்பூரில் கொண்டுவந்து இறக்கியது. கரையில் வாத்தியம் எல்லாம் முழங்கியது. சரியாக ஒரு வருடம் கழித்து சிங்கப்பூர் விழுந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் ஜப்பானியரிடம் கைதிகள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது சயாம்–பர்மா ரயில் பாதைக்கு, மலாயா தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் செத்த அதே பாதைக்கு. கப்பல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. கொண்டுபோய் விட்ட இடம் அப்படி.

பிறகு அட்லாண்டிக் திரும்பி, அமெரிக்கச் சிப்பாய்களை பிரிட்டனுக்குக் கடத்தும் வேலை. 2,100 பேருக்குக் கட்டிய கப்பலில் 15,000 பேர். 1943 ஜூலையில் ஒரு பயணத்தில் 16,683 பேர் இருந்தார்கள். ஒரே கப்பலில் அத்தனை பேர் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குழாய்ச் சட்டத்தில் கித்தான் துணி கட்டிய படுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீச்சல் குளத்தின் தண்ணீரை வடித்துவிட்டு அதற்குள்ளும் அடுக்கினார்கள். அதுவும் போதாமல் ஒரு படுக்கையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவன் எழுந்தால்தான் இன்னொருவன் படுக்கலாம், படுக்கை ஆறுவதே இல்லை. கப்பலைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பகுதியாகப் பிரித்து, ஆளுக்கொரு நிற வில்லையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். உன் நிறத்தைத் தாண்டி நீ போகக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டே வேளைச் சாப்பாடு, அதையும் பந்தி பந்தியாக. ஒரு பந்தி எழும்போது அடுத்த பந்தி வாசலில் நிற்கும். காலைச் சாப்பாடு முடிகிற நேரத்தில் மாலைச் சாப்பாட்டுக்கு வரிசை ஆரம்பம். சமையல்கட்டில் அடுப்பு அணைந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அத்தனை பேருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் கிடையாது. மேலே இருந்தவர்களுக்கு இது தெரியும், தெரிந்தேதான் அனுப்பினார்கள். வேகம் ஒன்றுதான் பாதுகாப்பு. ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. நடுக்கடலில் காவலுக்கு வரும் போர்க்கப்பல்களாலும் கூட ஓட முடியாது. தனியாக, விளக்கில்லாமல், வளைந்து வளைந்து ஓடியது. டைம்டேபிளுக்காகப் பொருத்திய இயந்திரம் அப்போது உயிர்காக்கப் பயன்பட்டது.

அந்த வேகம் உயிரையும் வாங்கியது. 1942 அக்டோபர் 2. அயர்லாந்துக்கு வடக்கே, சுமார் 10,000 அமெரிக்கர்களோடு மேரி வந்துகொண்டிருக்கிறது. கரை நெருங்குவதால் காவலுக்கு எச்.எம்.எஸ். கியூரகோவா என்ற பழைய குரூசர், முதல் உலகப்போர்க் காலத்தது. விமானத் தாக்குதல் வந்தால் சுட வேண்டும் என்பதற்காக அருகிலேயே ஓட வேண்டும். ஆனால் அதன் உச்ச வேகமே 25 நாட்டை ஒட்டித்தான், மேரியோ 28.5 நாட்டில் வளைந்து ஓடுகிறது. ஆகவே கிழட்டுக் குரூசர் நேராக ஓட, மேரி வளைந்து வளைந்து பின்னாலிருந்து நெருங்கிக்கொண்டே வந்தது. குரூசரின் கேப்டன் ஜான் பூட்வுட், பின்னால் வருகிறவன் ஒதுங்குவான் என்று நினைத்தார். மேரியின் கேப்டன் சிரில் இல்லிங்வர்த், நான் போட்ட வளைவிலேயே போவேன், காவல்காரன் ஒதுங்குவான் என்று நினைத்தார். நல்ல வெளிச்சம், பிற்பகல், ஒருவரை ஒருவர் கண்ணாரப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

80,000 டன் கப்பல் 4,000 டன் கப்பலை நடுவில் ஏறி இரண்டாகப் பிளந்தது. மேரியில் இருந்த பலருக்கு லேசாக ஒரு குலுக்கல், அவ்வளவுதான். குரூசர் சில நிமிடங்களில் மூழ்கியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 101 பேர் பிழைத்தார்கள்.

மேரி நிற்கவில்லை. எதற்காகவும் நிற்கக்கூடாது என்பது உத்தரவு. நின்றால் நீர்மூழ்கிக்கு 10,000 பேர் இலக்கு. தூரத்தில் இருந்த டெஸ்ட்ராயர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, உடைந்த மூக்கோடு வேகத்தைக் குறைத்துக்கொண்டு கிளைடு நோக்கிப் போனது. மேல்தளத்தில் நின்ற சிப்பாய்கள் தண்ணீரில் தத்தளிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். சிலர் தங்கள் மிதவைச் சட்டைகளைக் கழற்றி வீசினார்கள்.

போர் முடியும்வரை இது வெளியே வரவில்லை. பிறகு வழக்கு. முதல் நீதிமன்றம் குற்றம் முழுக்கக் குரூசர் மேல் என்றது. மேல்முறையீட்டில் மூன்றில் இரண்டு பங்கு கடற்படைக்கு, ஒரு பங்கு குனார்டுக்கு என்று பிரித்தார்கள். 1949-ல் பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பு எப்படியோ போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. மேரியோடு சமமாக ஓட முடியாத ஒரு கப்பலை, அதன் பக்கத்திலேயே ஒட்டி ஓடச் சொல்லி அனுப்பிய மேசை ஒன்று இருந்திருக்குமே, அது எந்த நீதிமன்றத்திலும் கூண்டில் ஏறவில்லை.

போர் முடிவதற்குள் எட்டு லட்சத்துக்கு அருகில் ஆட்களைச் சுமந்திருந்தது. அதில் மூன்று முறை சர்ச்சிலும் உண்டு, பயணிப் பட்டியலில் கர்னல் வார்டன் என்ற பெயரில். 1946 பிப்ரவரியிலிருந்து வேலை மாறியது: அமெரிக்கச் சிப்பாய்களைக் கட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பெண்களையும் அவர்கள் குழந்தைகளையும் அக்கரை சேர்ப்பது. பீரங்கி நின்ற இடத்தில் துணி உலர்த்தும் கயிறு. வருடக்கணக்காகச் சிப்பாய்களை அதட்டிப் பழகிய ஊழியர்கள் பால்புட்டி சூடாக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1947 ஜூலை 31-ல் பயணிக் கப்பலாக மறுபடி கிளம்பியது. எலிசபெத் முந்தைய அக்டோபரிலேயே வந்துவிட்டது. பார்த்தீர்களா, 1930-ல் முதல் தகடு போட்ட கப்பல், எந்த இரண்டு கப்பல் சர்வீஸுக்காகப் பிறந்ததோ, அது தொடங்கியது 17 வருடம் கழித்து! அதன் பிறகு ஒரு பத்து வருடம் அட்டவணை பொன்போல ஓடியது. நடுக்கடலில் இரண்டும் எதிரெதிரே கடக்கும்போது பயணிகள் எல்லாம் மேல்தளத்துக்கு ஓடுவார்கள். இரண்டின் வேகமும் சேர்ந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சங்கு ஊதி முடிப்பதற்குள் எதிர்க் கப்பல் போய்விடும்.

இந்தக் காலத்து ஸ்டுவர்டு வாழ்க்கையைச் சொல்லாமல் போனால் கணக்கு நேராகாது. சம்பளம் சொற்பம், வயிற்றை நிரப்பியது பயணி கடைசி நாளில் கையில் அழுத்தும் டிப்ஸ். அதனால் முதல் வகுப்பு மேசை கிடைக்க உள்ளுக்குள்ளேயே போட்டி, தலைமை ஸ்டுவர்டுக்குத் தனியாக ஒரு கவனிப்பு. மேலே மரப்பலகை பளபளக்கும் அறைகளைத் துடைத்துவிட்டு, கீழே பத்துப் பன்னிரண்டு பேர் அடைந்து கிடக்கும் அறையில் படுக்க வேண்டும். ஆறுதலுக்கு ஊழியர்களுக்கென்றே 'பிக் அண்ட் விசில்' என்று ஒரு மதுக்கூடம். அங்கே பியானோவும் பீரும் பயணிகளைப் போலப் பேசிக் காட்டும் நையாண்டியும் நடக்கும். துறைமுகத்தில் இரண்டு நாள் என்பது கம்பெனிக் கணக்கு. அதற்குள் பழைய பயணிகளை இறக்கி, படுக்கைத் துணி முழுக்க மாற்றி, சாமான் ஏற்றி முடித்து வீட்டுக்கு ஓடினால், பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும். திரும்பி ஓடி வர வேண்டும். சவுத்தாம்ப்டனில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் பார்த்தே வளர்ந்தன.

1958 அக்டோபரில் லண்டன்–நியூயார்க் ஜெட் விமானம் பறக்கத் தொடங்கியது. அந்த வருடமே விமானத்தில் கடந்தவர்கள் கப்பலில் கடந்தவர்களை முந்திவிட்டார்கள். ஐந்து நாள் வேலையை ஏழெட்டு மணி நேரத்தில் முடிக்கிறவனோடு எந்த அட்டவணையால் மல்லுக்கட்ட முடியும்? குளிர்காலத்தில் பயணிகளைவிட ஊழியர்கள் அதிகமாக இருந்த பயணங்கள் உண்டு. சும்மா நிற்பதைவிட மேல் என்று கேனரி தீவுகளுக்கு உல்லாசப் பயணம் விட்டுப் பார்த்தார்கள். வெயிலுக்குப் போகிற கப்பலில் வெளியே நீச்சல் குளம் கிடையாது.

1966 மே மாதம் மாலுமிகள் சங்கத்தின் வேலைநிறுத்தம். 56 மணி நேர வாரத்தை 40 ஆக்கு என்பது கோரிக்கை. 1966-லும் 56 மணி நேரம் என்பதை இன்னொரு முறை படியுங்கள். ஹரோல்டு வில்சன் அரசு நெருக்கடி நிலையே அறிவித்தது. சங்கத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஜான் பிரெஸ்காட், குனார்டு கப்பல்களில் ஸ்டுவர்டாக இருந்தவர், பிற்காலத்தில் துணைப் பிரதமர். ஒன்றரை மாதம் கப்பல்கள் கட்டிக் கிடந்தன. குனார்டுக்கு அந்த நஷ்டம் பேரிடி. வேலைநிறுத்தம்தான் மேரியைக் கொன்றது என்று சிலர் எழுதுவார்கள். ஜெட் வந்த எட்டு வருடம் கழித்து நடந்ததன் தலையில் பழியைப் போடுவது வசதியாக இருக்கலாம், நியாயமில்லை.

1967 மே மாதம் இரண்டு ராணிகளின் கேப்டன்களுக்கும் அரக்கு முத்திரை வைத்த உறை கொடுக்கப்பட்டது. குறித்த நேரத்தில் பிரித்தால், ஓய்வு என்ற செய்தி. செப்டம்பர் 20ஆம் தேதி அதே கிளைடுபாங்க் தளத்தில் குயின் எலிசபெத் 2 ஆற்றில் இறங்கியது. அதன் அகலம் 105 அடி, பனாமா கால்வாயில் நுழையும் அளவுக்குத் திட்டமிட்டது. வருடத்தில் பாதி உல்லாசப் பயணம் போக வேண்டும் என்று நினைத்தே கட்டியது. வாராந்திர சர்வீஸ் என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேரி நியூயார்க்கை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது. அது அதன் 1,001ஆவது கடப்பு.

கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் 34.5 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. 118 அடி அகலம் பனாமாவில் நுழையாது, ஆகவே தென்னமெரிக்காவின் நுனியைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பயணிகளும், தளத்தில் இரண்டு லண்டன் டபுள் டெக்கர் பஸ்களுமாக 1967 அக்டோபர் 31-ல் கிளம்பி டிசம்பர் 9-ல் போய்ச் சேர்ந்தது. மறுபடியும் அதே வெப்பமண்டலம், அதே புழுக்கம்.

அங்கே பாய்லர்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு ஹோட்டலாக்கினார்கள். பாய்லரை மேலே தூக்குவதற்காகப் புகைபோக்கிகளைக் கழற்றினால் அவை நொறுங்கிவிட்டன. இரும்பு அரித்துப்போய், வருடா வருடம் அடித்த சிவப்புப் பெயின்ட்தான் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது நிற்பவை அலுமினியத்தில் செய்து வைத்தவை. அந்தப் பக்கம் போகிற யாராவது இருந்தால், மேலே கூடங்களில் நேரத்தைச் செலவழித்துவிடாமல் பின் இயந்திர அறைக்கு இறங்குங்கள். அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். டர்பைன்கள், வால்வுச் சக்கரங்கள், அளவுமானிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கப்பலின் பக்கவாட்டில் இரும்புப் பெட்டி மாதிரி ஒன்றைக் கட்டி, நான்கு புரொப்பெல்லர்களில் மிஞ்சிய ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். 30 டன்னுக்கு மேல் எடை. டிக்கெட் வாங்கும்போதே இயந்திர அறைக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.